கடல் அட்டையா, கடல் முயலா?

கீழச்சிவல்பட்டி வட்டாரத்தில் கண்மாய் உண்டு, கடல் இல்லை. எனினும் விடுமுறை நாட்களில் ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம் என்று குடும்பத்தோடு சென்று வருவோர் பலர். நீர் வற்றிய நேரத்தில் பாறைக் குழிகளிலும் கடற்புற்களுக்கு இடையிலும் பழுப்பும் பச்சையும் கலந்த ஓர் உயிர் அசையாமல் கிடப்பதைப் பிள்ளைகள் காணக்கூடும். பார்த்த மாத்திரத்தில் "கடல் அட்டை" என்று கூறிவிடுகிறோம். அது நத்தை இனத்தைச் சேர்ந்த கடல் முயலாகவும் இருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. தலைப்புறத்தைப் பாருங்கள். கடல் முயலுக்கு இரண்டு இணை உணர்கொம்புகள் உண்டு. மேல் இணை முயலின் காது போல நிமிர்ந்து நிற்கும். கடல் அட்டைக்கு அத்தகைய கொம்புகள் இல்லை; வாயைச் சுற்றி மட்டுமே சிறு கிளைகள் இருக்கும். கடல் முயலைச் சீண்டினால் ஊதா நிறச் சாயத்தை நீரில் பரப்பும்.

வெப்பக் கடற்கரைகளில் வாழும் கடல் முயல்களுள் ஒன்று டொலபெல்லா ஆரிகுலேரியா. இதன் முன்புறம் குறுகியும் பின்புறம் அகன்றும், பின்முனை சாய்வாக வெட்டிய தட்டு போன்றும் இருக்கும். மேனியெங்கும் சிறு முளைகள் உண்டு. ஓர் அடிக்கு மேலும் வளரும். உள்ளே மறைந்துள்ள ஓட்டின் வடிவத்தைக் கொண்டே, சிறு கோடரி என்றும் காது என்றும் பொருள்படும் இலத்தீன் பெயர் அமைந்தது.

அற்பமெனத் தோன்றும் இவ்வுயிரிலிருந்து அமெரிக்க வேதியியலாளர் ஜார்ஜ் பெட்டிட் குழுவினர் டொலஸ்டாட்டின் 10 என்னும் பொருளைப் பிரித்து, 1987இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். மிகப்பெரும் அளவு உயிர்களைச் சேகரித்தும் கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்தான். அப்பொருளை இவ்வுயிர் தானே உண்டாக்குவதில்லை, உண்ணும் நீலப்பச்சை நுண்ணுயிர்களிடமிருந்து பெறுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. அதன் அமைப்பைப் பின்பற்றி ஆய்வகத்தில் செய்யப்பட்ட பொருளைத் தாங்கிய புற்றுநோய் மருந்துக்கு 2011இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நிணநீர்ப் புற்றுநோயாளிகள் பலருக்கு இன்று அது பயன்படுகிறது.

பெயரறிவது வெறும் பொழுதுபோக்கன்று. கடல் அட்டையைப் பிடிப்பதை 2001 முதல் சட்டம் தடுக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. ஆகவே எதுவாயினும் கையில் எடுக்காதீர்கள், நீரிலிருந்து அகற்றாதீர்கள். பிள்ளைகள் குனிந்து பார்க்கட்டும், கொம்புகளை எண்ணட்டும், பெயரைச் சரியாகச் சொல்லட்டும். அதுவே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரத்தக்க நல்ல பரிசு.