தங்கமும் சோழியும்

கோலார் தங்கவயலின் கதையை யார் சொன்னாலும் லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற பெயரில்தான் தொடங்குவார்கள். 1802இல் மைசூர் எல்லையில் நில அளவைப் பணிக்கு வந்த இந்த ராணுவ அதிகாரி, ஊரிகம் பக்கம் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். மண் வண்டிக்கணக்கு, தங்கமோ பொட்டுப் பொட்டு. அவர் எழுதிய அறிக்கையோடு வாரனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வாரன் ஆங்கிலேயரே அல்ல. அயர்லாந்திலிருந்து போய் பிரான்ஸின் லொரேன் பகுதியில் குடியேறிய பிரபு வம்சம். 1769இல் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியால் நாட்டைவிட்டு வெளியேறி, இந்தியாவில் ஆங்கிலேயர் படையில் சேர்ந்தார். கணிதத்தில் புலி. 1805 முதல் 1811வரை சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பே அவர் கையில்தான். மன்னராட்சி திரும்பியதும் பிரான்ஸ் போனார். ஆனால் கடைசிக் காலத்தைக் கழிக்க அவர் தேர்ந்தெடுத்தது புதுச்சேரியை.

அங்கேதான் அவருக்கு இன்னொரு புதையல் கிடைத்தது. தரையில் சோழிகளை வைத்தே கிரகணம் கணிக்கும் தமிழர் ஒருவர். கையில் ஏடு இல்லை. எண்களெல்லாம் எழுத்துகளாக மாறி, வாக்கியங்களாக அவர் மனத்தில் இருந்தன. 1825 மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்துக்கு அவர் கணித்துச் சொன்ன நேரம், தொடக்கத்தில் 4 நிமிடமே பிசகியது. நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கி இல்லாத கணக்குக்கு இது சாதாரணமல்ல.

சென்னை வானாய்வுக் கூடத்தை நடத்தியவர் இதைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். வாரன் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அதே 1825இல் சென்னையில் அச்சான அவரது 'கால சங்கலித' நூல், தென்னிந்தியர் காலத்தைக் கணக்கிடும் முறைகளை விளக்கியது. 1952இல் விஞ்ஞான வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபாவர், தமிழர் வானியல் பற்றிய தன் ஆய்வுக்கு இந்தக் குறிப்புகளையே ஆதாரமாகக் கொண்டார். 1830இல் புதுச்சேரியில் வாரன் இறந்தார்.

ஊரிகத்தில் 1875இல் மைக்கேல் லாவெல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து பாதாளத்தில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்களுடைய வாரிசுகள் பலர் வேலைக்காக பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். வாரனுக்கு மண் அலசிக் காட்டிய ஊரிகத்துக்காரர்களின் பெயரைத் தங்கவயலில் யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் மட்டும் ஆண்டுதோறும் அச்சாகிறது.