புயல் பேராக் பக்கம் வருமா? காற்று எந்தத் திசையில் நகரும், ஏன்?

“புயலா? அதெல்லாம் நம்ம ஊருக்கு வராதுங்க.” ஈப்போவில் பலரும் சொல்லும் பதில் இது. 2025 நவம்பர் கடைசி வாரம் வரை அது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் மலாக்கா நீரிணையில் ‘சென்யார்’ என்ற புயல் உருவானது. நவம்பர் 26-இல் சுமத்ராவின் வடபகுதியைத் தாக்கியது. அங்கே வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு அது கிழக்கே திரும்பி, மீண்டும் நீரிணைக்குள் வந்து, இரண்டு நாளுக்குள் வலுக்குறைந்து சிலாங்கூரில் கரையேறியது.

இப்படி நடப்பது ஏன் அபூர்வம்? காற்றழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து காற்று ஓடிவரும். பூமி சுழல்வதால், வடகோளத்தில் அந்தக் காற்று வலப்பக்கம் விலகும். விலகி விலகித்தான் இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குகிறது. இந்த விலக்கு நிலநடுக்கோட்டில் சுழியம். சென்னை ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கிறது, ஈப்போ 4.6 பாகையில். சென்னையில் உள்ள விலக்கில் மூன்றில் ஒரு பங்குதான் நமக்கு. (கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சுழல்வதற்கும் இதுதான் காரணம் என்பார்கள். இல்லை, அது தொட்டியின் வடிவத்தையும் தண்ணீர் விழும் விதத்தையும் பொறுத்தது.)

ஆனால் ‘அபூர்வம்’ என்றால் ‘நடக்கவே நடக்காது’ என்று அர்த்தமில்லை. 2001 டிசம்பர் 27-இல் ‘வமே’ புயல் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை தூரத்திலேயே உருவாகி ஜொகூரைத் தாக்கியது. 1996 டிசம்பரில் ‘கிரெக்’ சபாவில் 200-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

புயல் சுழல்வது வேறு, நகர்வது வேறு. ஆற்றுச் சுழி சுழன்றபடியே ஓட்டத்தோடு போகிறது அல்லவா? புயலையும் அப்படித்தான் சுற்றியுள்ள பெருங்காற்று இழுத்துப் போகும். வெப்பமண்டலத்தில் அந்த ஓட்டம் பெரும்பாலும் மேற்கு நோக்கியது. அதனால்தான் வங்கக்கடல் புயல்கள் பல தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் போகின்றன. சென்யார் எதிர்த்திசையில் வந்தது.

இதில்தான் பேராக்கின் பலவீனம் தெரிகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியைத் தித்திவங்சா மலைத்தொடர் கிழக்கே தடுத்துவிடும். அதனால் வருடக்கடைசி வெள்ளம் என்றால் கிளந்தான், திரங்கானு பாடு என்றே பழகிவிட்டோம். மேற்கே நமக்கு மலை இல்லை, கடல்தான்.

மேற்கிலிருந்து வரும் காற்றைப் பழைய தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இரவில் நீரிணைமேல் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, விடியும் முன் கரைக்கு வரும். ‘சுமத்ரா’ காற்று என்பது இதுதான். பால் வெட்டும் நேரமும் அதேதான். பட்டை நனைந்தால் பால் மங்கில் சேராமல் மரத்தில் வழியும், அன்றைய சம்பளத்தில் துண்டு விழும். ஆனால் அந்தக் காற்று ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சென்யார் மாதிரி வருவது நாள்கணக்கில் மழை கொட்டும்.

எனவே தெலுக் இந்தான், பாகான் டத்தோ போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள், புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்களா என்று காத்திருக்க வேண்டாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் ‘வஸ்பாடா’, ஆரஞ்சு ‘புரோக்’, சிவப்பு ‘பஹாயா’. ஆரஞ்சு வந்தாலே அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் பள்ளிப் பத்திரங்களை ஒரு பையில் போட்டு மேலே எடுத்து வையுங்கள்.