எலியிடம் கற்பைத் தேடாதீர்கள்

போன வாரம் ஒரு திருமண வரவேற்பில், பேச்சாளர் ஒருவர் மணமக்களை நிற்கவைத்துக்கொண்டு, அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி வோல் என்ற சிற்றெலியின் கற்பைப் புகழ்ந்து தள்ளினார். ஒருமுறை ஜோடி சேர்ந்தால் சாகும்வரை வேறு துணையை ஏறெடுத்தும் பார்க்காதாம். எல்லாம் 'காதல் ஹார்மோன்' ஆக்சிடோசின் செய்யும் வேலையாம். ஒரே கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இலினாய்ஸ் புல்வெளிகளில் பொறி வைத்த ஆய்வாளர் லோவெல் கெட்ஸ், ஒரே ஆணும் பெண்ணும் ஒரே பொறியில் திரும்பத் திரும்பச் சிக்குவதைக் கண்டார். அங்கே பிறந்த கதை இது. ஜோடியாகக் கூட்டில் இருக்கும், தகப்பனும் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும், சரி. ஆனால் மரபணுவைச் சோதித்தபோது, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே வெவ்வேறு தகப்பன்கள் இருந்தது வெளிப்பட்டது. எந்தப் பெண்ணோடும் தங்காமல் அலையும் ஆண்களும் ஏராளம். பெண் வோல் தானாகச் சினைப்பருவத்துக்கு வருவதில்லை; அந்நிய ஆணின் சிறுநீர் வாசனைதான் அதைத் தூண்ட வேண்டும். மணமேடையில் இதையும் சொல்வார்களா?

ஹார்மோன் கதைக்கு 2023இல் பலத்த அடி விழுந்தது. ஆய்வாளர்கள் தேவானந்த் மனோலி, நிராவ் ஷா குழுவினர், ஆக்சிடோசினின் சைகையை உயிரணுவில் வாங்கிக்கொள்ளும் ஏற்பியே இல்லாத வோல்களை உருவாக்கினார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன. குட்டி போட்டன, பாலூட்டின. ஏற்பியே இல்லை, இருந்தும் ஜோடி சேர்ந்தன! ஆக்சிடோசின் தெளிப்பான் அடித்தால் அன்பு பெருகும் என்று விற்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

பிரெய்ரி வோலின் நெருங்கிய உறவான மலை வோல், ஜோடியாக வாழ்வதே இல்லை. ஆண் ஊர் மேய்வது இயற்கை என்று சாதிக்க விரும்புகிறவர் நாளை அதைத் தூக்கிக்கொண்டு வருவார். அவரவர் வசதிக்கு ஓர் எலி! இதில் கற்பு உபதேசம் மட்டும் எப்போதும் மணமகளின் முகத்தைப் பார்த்தே சொல்லப்படுகிறது. இது அறிவியல் அல்ல, பழைய அதிகாரம்.

மேடையேறப் போகிறவர்களே, ஏற்பி இல்லாமலே ஜோடி சேர்ந்த அந்த வோல்களைப் பற்றிப் படித்துவிட்டு ஒலிவாங்கியைத் தொடுங்கள். படிக்க நேரமில்லை என்றால் வாழ்த்தி மட்டும் இறங்குங்கள்.