இருமல் மருந்தின் பூர்வீகம்

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, ஒரு பண்டத்தின் மீது மனிதர் எவ்வளவு சிரத்தை கொள்ள முடியும் என்பது நன்றாக விளங்கும். லாட் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; அந்த எண்ணுக்கு நேரே இத்தனை மூட்டை, இத்தனை கிலோ என்ற கணக்கு உண்டு; அந்த மூட்டைகளிலிருந்து எடுத்த மாதிரிக் காய் வியாபாரியின் முன்னால் இருக்கிறது. அவர் ஒரு காயைப் பிளந்து விதையின் கறுப்பைப் பார்த்து, முகர்ந்து, காயின் பருமனையும் லிட்டர் எடையையும் மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகே விலையைத் தட்டுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் சவூதி அரேபியா பூச்சிமருந்தின் எச்சத்தைக் காரணங்காட்டி நம் ஏலக்காயை மறுத்தபோது, எந்தத் தோட்டத்தில் எந்த மருந்தை எப்பொழுது அடித்தார்கள் என்ற கேள்வி கடல் கடந்து வந்து இந்த மலைச்சரிவுகளின் விவசாயிகளைத் தொட்டது. வாங்குகிறவன் பண்டத்தின் பூர்வீகத்தைக் கேட்பது நியாயம் என்பதை இப்பிரதேசத்து ஜனங்கள் அன்றே அறிந்துகொண்டார்கள்.

அப்படி ஏலத்தைப் பார்த்த ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு நான் கம்பத்தில் ஒரு மருந்துக்கடையின் வாசலில் நின்றிருந்தேன். விடியுமுன் ஜீப்பேறி கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போன பெண்கள், திரும்பி வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தலையில் கட்டியிருந்த துண்டைக்கூட அவிழ்க்காமல் கடைக்கு வந்து, “அண்ணே, பிள்ளைக்கு ரெண்டு நாளாச் சளி, ராத்திரியெல்லாம் இருமுறான். ஒரு டானிக் குடுங்க” என்றாள். கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து வைத்தார். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனிப்பா இருக்குமாண்ணே? கசந்தாத் துப்பிப்புடுவான்” என்று கேட்டாள். இனிப்புத்தான் என்றார் அவர். அவள் அன்றைய கூலியிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள். மருத்துவர் எழுதிய சீட்டு இல்லை, ரசீதும் இல்லை. அந்தப் புட்டி எங்கே தயாராயிற்று, அதிலுள்ள பாகை எந்தத் திரவத்தில் கரைத்தார்கள், அத்திரவம் யார் யார் கைமாறி வந்தது என்று கேட்பதற்கு அவளுக்கு வழியுமில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது.

இனிப்பைப் பற்றி அவள் கேட்ட அந்த ஒரு கேள்வி என்னை நெடுநேரம் விடவில்லை. ஏனெனில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் விஷமும் இனிப்பானதே. நிறமும் மணமும் அற்று, கெட்டியான பாகைப் போல, மருந்துகளில் கரைப்பானாகச் சேர்க்கும் கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைக்காலையும் கண்ணாலோ நாக்காலோ வேறு பிரிக்க முடியாதபடி ஒத்திருக்கும் அந்தத் திரவம், தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும் வண்டிகளின் பிரேக் எண்ணெயிலும் பயன்படுவது. குழந்தையின் உடலுக்குள் சென்றால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது. முதலில் வாந்தி வருகிறது, பிறகு சிறுநீர் நின்றுவிடுகிறது. சளிக்கு மருந்து கொடுத்த தாய், ஏன் பிள்ளை சோர்ந்து கிடக்கிறான் என்று அறியாமலே அடுத்த வேளைக்கும் அதே மருந்தை ஊற்றுகிறாள்.

2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இப்படித்தான் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிப்’ என்னும் மருந்து, நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரேசன் பார்மா என்னும் ஆலையில் தயாரானது. மத்தியப் பிரதேச அரசிடமிருந்து தகவல் வந்ததும், அக்டோபர் முதல் தேதியன்று தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அந்த ஆலைக்குள் சென்று மாதிரி எடுத்தார்கள். மறுநாள் காந்தி ஜயந்தி விடுமுறை. அந்த விடுமுறை நாளிலேயே சென்னை அரசு ஆய்வகம் முடிவைச் சொல்லிவிட்டது: நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருக்கவே கூடாத அந்த விஷம், 48.6 பங்கு இருந்தது. மருந்துத் தரம் இல்லாத புரோப்பிலீன் கிளைக்காலை வாங்கிச் சோதனை செய்யாமலே கலந்திருக்கிறார்கள் என்பதும், ஆலையில் 350-க்கும் மேற்பட்ட குறைகள் இருந்தன என்பதும் பரிசோதனையில் வெளியாயின. விற்பனை தடை செய்யப்பட்டது, உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தாயிற்று, ஆய்வாளர்கள் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

நம் ஆய்வகம் காட்டிய துரிதத்தைப் பாராட்டுவது கடமை. ஆனால் அந்தப் பாராட்டைச் சொல்லி முடிக்குமுன்னரே வேறொரு உண்மை நெஞ்சை அறைகிறது. குழந்தைகள் மாண்ட பிறகு ஒரே நாளில் கண்டறிய முடிந்த விஷத்தை, அவர்கள் மாளுவதற்கு முன்னரும் ஒரே நாளில் கண்டறிந்திருக்கலாம். அதற்கு வேண்டியது புதிய விஞ்ஞானம் அல்ல. புதிய சட்டமும் அல்ல. மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனையாகப் பல்லாண்டுகளாக இருந்துவருகிறது.

இந்த விஷம் நமக்குப் புதியதும் அன்று. 1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை இதில் கரைத்து விற்றதனால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறு ஆண்டே அந்நாடு கடுமையான மருந்துச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. இந்தியாவில் கர்னல் சோப்ரா தலைமையில் 1930-இல் அமைந்த விசாரணைக் குழுவின் சிபாரிசுகளின் பயனாக 1940-இல் நமக்கும் ஒரு சட்டம் கிடைத்தது. சட்டம் இருந்தும், எழுபதுகளின் தொடக்கத்தில் நம்முடைய எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையிலேயே பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதே விஷம் கலந்த மருந்தினால் மாண்டார்கள் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்பட கிளிசரின் 14 நோயாளிகளைக் கொன்றது. நீதிபதி லென்டின் விசாரித்து நீண்ட அறிக்கை தந்தார். 1998-இல் குர்கான், 2020-இன் தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகர், 2022-இல் ஹரியானாவில் செய்த மருந்தைக் குடித்து காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள். ஒவ்வொரு முறையும் ஓர் ஆலையின் பெயர் மட்டும் பத்திரிகைகளில் அடிபட்டு, பிறகு மறக்கப்படுகிறது. அந்த ஆலைக்கு அத்திரவம் வந்து சேர்ந்த பாதை அடுத்த முறைக்காக அப்படியே திறந்து கிடக்கிறது.

அந்தப் பாதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய ரசாயன ஆலையில் உற்பத்தியாகும் கரைப்பான், டாங்கர் லாரியில் மொத்த வியாபாரியிடம் வருகிறது. அவர் அதை டிரம்களில் பிரிக்கிறார். அடுத்த வியாபாரி, ஐம்பது கிலோ போதும் என்று கேட்கும் சிறிய ஆலைக்காக மறுபடியும் பிரிக்கிறார். சாயப்பட்டறைக்கும் பெயின்ட் கம்பெனிக்கும் மருந்து ஆலைக்கும் சரக்குத் தருகிறவர் பெரும்பாலும் ஒருவரேதான். ஒரே கிடங்கில் மருந்துத் தரமும் தொழிற்சாலைத் தரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. விலை மட்டும் வேறு. டிரம் கைமாறும்போதெல்லாம் ஒரு பகுப்பாய்வுச் சான்றும் கூடவே போகிறது. அந்தக் காகிதம் முதலில் எழுதப்பட்ட சரக்கு இதுதானா என்பதை எவரும் பார்ப்பதில்லை. 2006-இல் பனாமா நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, சீனத்து ஆலையிலிருந்து புறப்பட்ட 46 பீப்பாய்கள் பெய்ஜிங் வழியாகவும் ஸ்பெயின் வழியாகவும் கடந்து வந்த தூரம் முழுவதும், சான்றில் செய்தவனின் பெயர் அழிந்து வேறு பெயர்கள் ஏறிக்கொண்டே வந்தனவேயன்றி, ஒருவராவது ஒரு பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை. காகிதத்தை நம்பியவர்கள் மூன்று கண்டங்களில் இருந்தார்கள்.

ஆகவே, மருந்துத் தொழிலில் பொறுப்பு என்பது ஆலைச் சுவருக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதாக நாம் கொண்டிருக்கும் அபிப்பிராயம் மாற வேண்டும். கரைப்பானை விற்கிறவர், அதை டிரம்மில் பிரிக்கிறவர், மருந்தாக்குகிறவர், மொத்த விநியோகஸ்தர், கம்பத்துக் கடைக்காரர் ஆகிய யாவரும் ஒரே சங்கிலியின் வளையங்கள். ஒவ்வொருவரும் தமக்கு முன்னே இருப்பவரிடம் பண்டத்தின் பூர்வீகத்தைக் கேட்டறிந்து, பின்னே வருபவருக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இது நடைமுறையில் இயலாத லட்சியம் என்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்கு நான் தேனிக்கு அருகே க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருந்து வரிசையைக் காட்டுவேன். அங்கே கொடுக்கப்படும் மாத்திரை, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் வருவது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளின் மருந்துக் கொள்முதலில் நடந்த ஊழல் வெடித்ததன் விளைவாக 1994-இல் அமைக்கப்பட்டு, பூர்ணலிங்கம் என்னும் ஆட்சிப்பணி அதிகாரியின் பொறுப்பில் வேலையைத் தொடங்கிய ஸ்தாபனம் அது. ஆலையிலிருந்து வரும் மருந்து மாவட்டக் கிடங்கில் இறங்கியதும் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுவதில்லை; தனியே நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் எடுத்த மாதிரி, செய்தவர் இன்னார் என்பது சோதிக்கிறவருக்குத் தெரியாதபடி பெயர் மறைத்து, ரகசிய எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. தேறினால்தான் கிடங்குக் கதவு திறக்கும். தேறாவிட்டால் சரக்குத் திரும்பும், தவறு பெரிதாயின் ஆலையின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். கேரளமும் ராஜஸ்தானமும் இம்முறையைப் பார்த்தே தங்களுக்கும் கழகங்களை அமைத்துக்கொண்டன. ஏழை நோயாளிக்கு இலவசமாகத் தரும் மாத்திரைக்கு இவ்வளவு காவல் வைக்கத் தெரிந்த ஒரு ராஜ்யம், அதே ஏழை தன் கூலியிலிருந்து காசு கொடுத்து வாங்கும் புட்டிக்கு ஏன் காவல் வைக்கவில்லை என்பதுதான் என்னுடைய கேள்வி.

சிறிய ஆலைகளை எல்லாம் மூடிவிட வேண்டும் என்ற கூச்சலில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்த விலை மருந்துகளில் பெரும்பகுதி அவற்றிலிருந்தே வருகிறது; அவை இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கின் கூலிக் குடும்பங்கள் பெரிய கம்பெனியின் விலைக்குத் தலைகுனிய நேரும். கரைப்பானைச் சோதிக்கும் கருவிக்கும் அதை இயக்கும் ரசாயனப் பட்டதாரிக்கும் ஆகும் செலவு தனியொரு சிற்றாலைக்குப் பாரம் என்றால், பல ஆலைகளுக்குப் பொதுவான ஆய்வகத்தை அரசு முன்னின்று அமைக்கட்டும். 2023 டிசம்பரில் திருத்தி அறிவிக்கப்பட்ட தயாரிப்பு நெறிமுறைகளுக்குச் சிற்றாலைகள் இணங்குவதற்குத் தரப்பட்ட நீட்டிப்பு 2025 முடிவோடு தீர்ந்தது. இனியும் தவணை கொடுப்பது தர்மமாகாது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கரைப்பான்களை இணையவழிப் பதிவேட்டின் கண்காணிப்புக்குள் கொண்டுவர முற்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் மருந்து ஆலைக்குக் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ விற்கும் ரசாயன வியாபாரி உரிமம் இன்றி விற்க முடியாது என்ற நிலை வந்தாலொழிய அந்தப் பதிவேடு பாதிக் கிணறாகவே நிற்கும். இனிப்புப் பாகு வடிவில் குழந்தைகளுக்குத் தரும் எந்த மருந்தும், அதன் கரைப்பானைச் சோதித்த முடிவை யாரும் பார்க்கும்படி வெளியிட்ட பிறகே ஆலையை விட்டு வெளியேற வேண்டும் என்று தமிழ்நாடு முதலில் ஆணையிடட்டும். குற்றம் நம் மண்ணில் நடந்தது. பரிகாரமும் இங்கிருந்தே தொடங்குவது முறை.

சங்கிலியின் கடைசி வளையமான மருந்துக்கடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோல்ட்ரிப் தடையானபோது தமிழ்நாடும் கேரளமும் அடுத்தடுத்து விற்பனையை நிறுத்தின. லோயர் கேம்ப்புக்கும் குமுளிக்கும் இடையே உள்ளது சில கிலோமீட்டர் மலைச்சாலை. காலையில் அந்தப் பக்கமும் மாலையில் இந்தப் பக்கமும் இருக்கிற ஜனங்கள் இவர்கள். புட்டியும் அவர்களுடைய கூடையில் எல்லை கடக்கிறது. இரண்டு அரசுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளும் தடைச் செய்தியை ஒரே வேளையில், தமிழிலும் மலையாளத்திலும், கடைகளுக்கும் ஜீப் நிறுத்தங்களுக்கும் சேர்ப்பிக்க ஓர் ஏற்பாடு வேண்டும். செய்தி வந்து சேர்ந்தாலும், ஏற்கனவே விற்ற புட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? ரசீது இல்லாத இடத்தில் அந்தத் தேடல் முதல் அடியிலேயே நின்றுபோகும்.

அதனால் தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஊர்களின் மருந்துக்கடைக்காரர்களிடம் என்னுடைய விண்ணப்பம் இது. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும்போது, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும் ஓரத்தை வெட்டி எறியாதீர்கள். அவை அட்டையில் தங்கும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுங்கள், கடைசித் துண்டு போகும்போது எண்ணை உறையின் மேல் எழுதிக் கொடுங்கள். ஐந்து ரூபாய் மருந்தானாலும் தொகுதி எண்ணோடு ரசீது போடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சீட்டில்லாமல் இருமல் மருந்து கேட்டு வரும் தாயை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். தாய்மார்களே, புட்டி தீர்ந்த பிறகும் பத்து நாளைக்கு அதை எறிய வேண்டாம். பிள்ளைக்கு வாந்தி கண்டாலோ சிறுநீர் குறைந்தாலோ, அந்தப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே க.விலக்குக்குப் போங்கள்.