அயல்நாட்டு நீதியும் நம் சட்டசபைகளும்

அயல்நாட்டு விவகாரம் இராஜதந்திரிகளுக்கே உரியது. சட்டசபை அங்கத்தினர் உள்ளூர் ஏரியையும் சாலையையும் கவனித்தாற் போதும் என்பார் பலர். இக்கூற்றுப் பொருந்தாதென்பதற்கு, 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் கல்கத்தாவிற் கூடிய இம்பீரியல் சட்டசபையில் கோபால கிருஷ்ண கோகலே கொணர்ந்த தீர்மானமே தக்க சான்றாகும். தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்த்தனுப்புவதைத் தடுக்க வேண்டுமென்பதே அதன் கருத்து.

இவ்வரலாற்றில் நம் பக்கத்தார்க்குப் பங்குண்டு. கணியம்பாடியைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய வட ஆர்க்காடு ஜில்லாவினின்று அக்கரை சென்ற கூலிகள் மிகப் பலர். 1860-இல் நேட்டாலை யடைந்த முதற்கப்பலும் சென்னையினின்று புறப்பட்டதே. ஐந்தாண்டு ஒப்பந்தம், இடையில் வேலைக்கு வாராதிருத்தல் சிறைக்குரிய குற்றம். ஒப்பந்தம் தீர்ந்தபின் அங்கேயே பிழைக்க விரும்பினாலோ, 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன் வரி! கொடுக்க வகையற்றவன் மீண்டும் கூலியாதல் வேண்டும். அன்றேல் கப்பலேற வேண்டும். பின்னர்ப் பதின்மூன்று வயதுச் சிறுமியரும் இவ்வரிக்குத் தப்பவில்லை.

நேட்டாலின் சட்டத்தை மாற்றும் அதிகாரம் கோகலேக்கு இல்லை. ஆனால் அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் நம்மவர் உழைப்பையே நம்பியிருந்தன. பிறன் வீட்டில் எரியும் தீயை அணைக்க வியலாவிடினும், நாம் விறகு கொடாதிருக்கலாமன்றோ? அரசாங்கம் இணங்கியது, 1911 ஜூலை முதல் நாள் தடை அமுலுக்கு வந்தது.

நிற்க. பீஜி முதலிய தீவுகளுக்குக் கப்பல்கள் ஓயவில்லை. ஆகவே 1912 மார்ச்சு 4-ஆம் நாள், ஒப்பந்தக் கூலிமுறையையே அடியோடு ஒழிக்குமாறு அவர் மற்றொரு தீர்மானம் கொணர்ந்தார். அது தோற்றது. தோற்ற அதனையே யாம் மேலானதாகக் கொள்வோம். முன்னது ஒரு குடியேற்ற நாட்டை நோக்கிய தண்டனை. பின்னது மனிதனை இவ்வாறு விலைப்படுத்தலாமா என்னும் வினா. கோகலே 1915-இல் மறைந்தார். 1917-இல் ஆள் சேர்ப்பு நின்றது.

ஏழையின் பிழைப்பைத் தடுப்பது எங்ஙனம் நீதியாகும் என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்பர். நல்ல கேள்வியே. ஆயின் அவர் ஒழிக்க விரும்பியது பயணத்தை யன்று, அடிமை ஒப்பந்தத்தை. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் தொழிலாளரின் பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைத்துக்கொள்ளும் கொடுமை இன்றும் கேட்கப்படுகிறது. அவர்கள் அனுப்பும் பணத்தின் தொகையை நம் பாராளுமன்ற அங்கத்தினர் பெருமையுடன் எடுத்துரைக்கின்றனர். பறிக்கும் முதலாளிக்கு ஆளனுப்பும் முகவரின் உரிமத்தை ஏன் ரத்து செய்யவில்லை என்று அவர்கள் மந்திரியைக் கேட்கட்டும்.