வீட்டுக்குள் ஓர் ஆகாய விமானம்

சென்ற வாரம் நம் வீட்டுக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தமெல்லாம் நம்மைக் குறித்துத்தான். கூடத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்துகொண்டு, ஜாய்ஸ்டிக் என்னும் கைப்பிடியை அசைத்தபடி, "உயரம் ஆயிரம் அடி, வேகம் எண்பது மைல்" என்று நாம் முணுமுணுத்ததை அவர் பார்த்துவிட்டார். "இந்த வயதில் குழந்தை விளையாட்டா?" என்று கேட்டார்.

அச்சமயம் அவருக்குப் பதில் சொல்ல நமக்கு அவகாசமில்லை. நாம் கல்லணைக்கு மேலே பறந்துகொண்டிருந்தோம். அதாவது, கல்லணை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே. ஆகையால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இந்த வாரம் நேயர்கள் முன்னிலையில் சொல்லிவிடுகிறோம்.

முதலாவதாக, இது குழந்தை விளையாட்டாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து பிங்காம்ப்டன் நகரில் எட்வின் லிங்க் என்று ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனார் ஆர்கன் வாத்தியமும் தானே வாசிக்கும் பியானோவும் செய்து விற்றவர். பிள்ளைக்கோ பறப்பதில் மோகம். பாடம் கற்கக் கட்டணமோ அதிகம். அவர் என்ன செய்தார்? ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையே எடுத்து ஒரு மரப்பெட்டிக்கு அடியில் பொருத்தி, உள்ளே உட்காருகிறவன் கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயவும் நிமிரவும் திரும்பவும் செய்தார். இது 1929-ஆம் வருஷத்துச் சங்கதி. சில ஆண்டுகள் அந்தப் பெட்டி கேளிக்கைச் சந்தைகளில் காசு வாங்கிக்கொண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டு போகப் புறப்பட்டு, மேகத்திலும் இருளிலும் வழி தெரியாமல் பலர் மாண்ட பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பாடம் கற்றார்கள். நம் ஊர்ப் பஜனை மடத்து ஹார்மோனியத்தின் துருத்திக்கும் ஆகாய விமானத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறதென்றால் வேடிக்கைதானே!

அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைதான் நம் கூடத்தில் இருப்பது. புரூஸ் ஆர்ட்விக் என்னும் இளைஞர் சிறிய ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஓடும்படி ஒன்றைச் செய்தார். 1982-இல் மைக்ரோஸாப்ட் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. பிறகு அது பல அவதாரம் எடுத்தது. நம்மிடம் உள்ள அவதாரம் 2003-ஆம் வருஷம் வெளிவந்தது. ரைட் சகோதரர்கள் பறந்த 1903-லிருந்து நூறாண்டு நிறைந்ததைக் கொண்டாட வந்தது. நான்கு தட்டுகளில் உலகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதைவிடப் பல மடங்கு அழகான புதிய அவதாரம் 2020-இல் வந்துவிட்டது. ஆனால் அதற்கு வேண்டிய யந்திரத்தின் விலையையும், அது இன்டர்நெட்டிலிருந்து இடைவிடாமல் இழுத்துக்கொள்ளும் சமாசாரத்தையும் கேட்டபோது, நாம் பழையதையே கட்டிக்கொள்வதென்று தீர்மானித்தோம்.

பழையதை வைத்துக் காப்பாற்றுவதும் சுலபமல்ல. அந்தத் தட்டுகளில், திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்க ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள். முத்திரையைச் சரிபார்க்கும் காவல்காரன் கம்ப்யூட்டருக்குள் இருக்க வேண்டும். 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதற்கொண்டு அந்தக் காவல்காரனுக்கே இடமில்லை. பாதுகாப்புக்குப் பங்கம் என்று தள்ளிவிட்டார்கள். ஆகவே, காசு கொடுத்து வாங்கிய சொந்தக்காரனே வாசலில் நிற்க வேண்டிய கதி. விண்டோஸ் எக்ஸ்பி உள்ள நம் பழைய பெட்டியில் அது ஒழுங்காக ஓடுகிறது. எக்ஸ்பிக்கோ 2014-ஆம் வருஷமே ஆதரவு நின்றுவிட்டது. எனவே நம் பெட்டிக்கு இன்டர்நெட் சம்பந்தமே கிடையாது. கிழவரை மழையில் அனுப்பாமல் வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது போல் பார்த்துக்கொள்கிறோம்.

இதில் வேறு விமானங்களைச் சேர்ப்பது தனிக் கலை. உலகெங்கும் எத்தனையோ பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் விமானங்களைச் செய்து இலவசமாகத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு போல்டராக வருகிறது. உருவம் ஒன்று, வர்ணம் ஒன்று, சப்தம் ஒன்று, கருவிப் பலகை ஒன்று, பறக்கும் குணத்தைச் சொல்லும் பைல் ஒன்று என்று உள்ளே பாகங்கள். இவற்றையெல்லாம் அறிமுகப்படுத்த ஒரு ஜாதகம் எழுதி வைக்க வேண்டும். அதில் வர்ணங்களுக்கு 0, 1, 2 என்று வரிசையாக எண் கொடுக்க வேண்டும். நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் அதற்குப் பின்னால் உள்ளவை கண்ணில் படவே மாட்டா. நாம் 3-ஐ விட்டு 4 போட்டுவிட்டு இரண்டு நாள் விமானத்தைத் தேடினோம். மூன்றாம் நாள் விமானம் அகப்பட்டது. ஆனால் கருவிப் பலகையில் உயரமானி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை! அதற்குரிய சிறு பைல் வேறொரு போல்டரில் போயிருக்க வேண்டுமாம். இவ்வாறெல்லாம் பாடுபட்டு நாம் சேர்த்தது ஒரு டைகர் மாத். 1931-இல் பிறந்த இரட்டைச் சிறகு விமானம். நம் தேசத்து விமானக் கிளப்புகளில் எத்தனையோ பேருக்குப் பறக்கக் கற்பித்த வாத்தியார். அதன் நடை மணிக்கு எண்பது மைல் அளவுதான். கீழே உள்ளதைப் பார்க்க விரும்புகிறவனுக்கு அதுவே சரியான வாகனம்.

இதுவரை சொன்னது யந்திரத்தின் கதை. இனிமேல் சொல்லப்போவதுதான் நண்பருக்குரிய பதில்.

நமக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது வயது கடந்தவர். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் நிலம். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு மகன் வீட்டோடு தஞ்சாவூரில் இருக்கிறார். வயலுக்குப் போக வழியில்லை. 2023-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் அவருடைய பேரன் அவரைக் கைத்தாங்கலாக நம் வீட்டுக்கு அழைத்து வந்தான். "நம்ம ஊருக்கு மேலே பறக்க முடியுமாமே தம்பி?" என்று கேட்டார்.

உட்கார வைத்தோம். திருச்சி விமான நிலையத்திலிருந்து கிழக்கு முகமாகக் கிளம்பி இடதுபுறம் திரும்பினோம். "உச்சிப் பிள்ளையார் எங்கே?" என்றார். மலைக்கோட்டை அங்கே இல்லை. கல்லணையும் இல்லை. ஆனால் காவேரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனோம். பெரியவருக்கு வரைபடம் வேண்டியிருக்கவில்லை. "இந்த வளைவு தாண்டினால் திருக்காட்டுப்பள்ளி, இங்கே குடமுருட்டி பிரியவேண்டும், காணோமே!" என்றார். குடமுருட்டி நம் கண்ணுக்கும் அகப்படவில்லை. ஆனாலும் அவருடைய நிலம் இருக்க வேண்டிய பச்சைத் திட்டின்மேல் இரண்டு தடவை வட்டமிட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்தார்.

பிறகு திடீரென்று, "ஏன் தம்பி, இது என்ன மாசம்?" என்றார்.

"சித்திரை, ஐயா."

"மேட்டூர் திறக்கவில்லையே! ஆற்றிலே தண்ணீர் எப்படி வந்தது?"

நமக்குச் சொரேர் என்றது. பத்து வருஷமாகப் பறக்கிறோம். இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை. எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து காவேரிக்கு நீலக்கோடு போட்டவர் அதில் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் ஓடவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, அந்த ஆற்றுத் தண்ணீருக்காக அவர் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. நாம் இங்கேயே பிறந்தும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி நீர். ஜூன் மாதம் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அன்று திறந்தால் குறுவை உண்டு. தாமதமானால் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவன் குறுவை போடுவான். இல்லாதவன் சம்பாவுக்காகக் காத்துக் கிடப்பான். 2012-இல் திறந்தது செப்டம்பர் 17-ஆம் தேதி. 2017-இல் அக்டோபர் 2. 2022-இலோ மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். இத்தேதிகளைப் பெரியவர் தம் பிள்ளைகளின் பிறந்த நாளைப் போல் சொல்கிறார். ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் ஒரு கல்யாணம் நடந்ததோ தள்ளிப்போனதோ இருக்கிறது; ஒரு நகை வீட்டுக்கு வந்ததோ அடகுக்கடைக்குப் போனதோ இருக்கிறது.

அன்று இரவே நாம் வேலை தொடங்கினோம். இந்தப் பழைய யந்திரத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு. நாமாகச் செய்த காட்சிகளை ஒரு போல்டரில் வைத்துச் சேர்த்துவிடலாம். பிறகு பட்டியலில் அதற்கு நேரே ஒரு குறியிட்டால் தோன்றும், குறியை எடுத்தால் மறையும். ஆற்றின் தடத்தைப் பார்த்துப் பார்த்து, அதன்மேல் மணல் நிறத்தில் பட்டை வரைந்தோம். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே அகலம், இங்கே திட்டு, இங்கே நாணல் என்று திருத்தம் சொன்னார். மூன்று வாரத்தில் காவேரி வறண்டது!

அவரை மறுபடியும் ஏற்றிக்கொண்டு பறந்தோம். திருவையாறு வரையில் பார்த்துவிட்டு, "போதும், திருப்பு. மணலைப் பார்க்க விமானம் எதற்கு?" என்றார். நாம் சற்று அசடு வழிந்தோம். அவர் எழுந்திருக்கும்போது சொன்னார்: "ஆனால் அழித்துவிடாதே தம்பி. தண்ணீர் வரும்போது எடுத்துவிடலாம்."

அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தது. நாம் உடனே குறியை எடுக்கப் போனோம். பெரியவர் தடுத்துவிட்டார். மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் பல நாள் ஆகும். "அரசாங்கம் பித்தானை அமுக்கினால் வயலுக்கு வந்துவிடுமா?" என்று கேட்டார். எனவே மணலை நான்கு துண்டாக வெட்டினோம்: கல்லணையிலிருந்து திருவையாறு, அங்கிருந்து கும்பகோணம், பிறகு மயிலாடுதுறை, கடைசியில் பூம்புகார். அந்தந்த ஊரில் உள்ள உறவினருக்குப் பெரியவர் டெலிபோன் செய்து, "தண்ணீர் வந்துவிட்டதா?" என்று விசாரிப்பார். வந்தது என்று தெரிந்த பிறகுதான் அந்தத் துண்டின் குறியை எடுக்க அனுமதி. இவ்விதமாக நம் கூடத்திலும் காவேரி கல்லணையிலிருந்து கடல்வரை மெள்ள மெள்ள நடந்தே போயிற்று.

2024-ஆம் வருஷம் ஜூன் 12 வந்தது, போயிற்று. அணையில் நீர் போதவில்லை. நம் யந்திரத்திலும் மணல் அப்படியே இருந்தது. பேரன் ஒரு நாள் விளையாட்டாகக் குறியை எடுத்துவிட்டு ஆற்றில் தண்ணீர் விட்டான். பெரியவர் கோபிக்கவில்லை, "அங்கே அவனவன் காய்ந்து கிடக்கிறான், கண்ணு. போட்டுவிடு" என்று மட்டும் சொன்னார். பையன் குறியை மறுபடி போட்டான். ஜூலை 28-ஆம் தேதி அணை திறந்தது. அந்த மாதக் கடைசிக்குள் நிரம்பியும் விட்டது. குறுவை போனது போனதுதான். 2025-இல் மறுபடியும் ஜூன் 12. அன்று பெரியவர் வீட்டில் பாயசம். நமக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

இப்போது நம் பழைய பெட்டியின் விசிறி அடிக்கடி இரைகிறது. ஒரு நாள் அது நின்றுவிடும். அன்று முத்திரை வைத்த தட்டுகள் என்ன ஆகுமோ, நம் கையில் இல்லை. ஆனால் நாமாக வரைந்த மணல் நம்முடையது. அதை வேறிடத்தில் பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். கடன் வாங்கிய உலகப் படத்தில் நம் ஊர் தப்பாக இருந்தால், அழுவதைவிட உட்கார்ந்து திருத்துவது மேல். பெரிய கோயில் விமானத்தையும் கல்லணையையும் பேரன் செய்யத் தொடங்கியிருக்கிறான். விமானத்தின் உயரத்தைப் பிசகாமல் கொண்டுவர வேண்டும் என்று, புத்தகத்தையும் கோலையும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறான். சென்ற வருஷம் வரையில் கணக்கு என்றால் காத தூரம் ஓடிய பையன்!

வருத்தப்பட்ட நண்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாம் விமானத்தை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவர் நாற்காலியை நமக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "கும்பகோணத்துக்குக் கிழக்கே கொஞ்சம் போகலாமா? எங்கள் ஊர் அரசலாற்றங்கரையில்..." என்று ஆரம்பித்தார்.

அரசலாற்றை நாம் இன்னும் வரையவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். எந்த இடத்தில் அகலம், எந்த இடத்தில் திட்டு என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது.