காருக்குப் பூட்டும் நகை

தோப்பும்படிக் கிளையில் நான் பொறுப்பேற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மட்டாஞ்சேரியிலிருந்தும் பள்ளுருத்தியிலிருந்தும் வரும் சாலைகள் இங்கே கூடி, பாலங்களைக் கடந்து வெலிங்டன் தீவுக்கும் எர்ணாகுளத்துக்கும் பிரிந்து செல்கின்றன. மாலை ஐந்து மணிக்குக் கிளையின் வாசலில் நின்றால் அரை மணி நேரத்தில் நூறு சிறிய கார்களைப் பார்த்துவிடலாம். அவற்றுள் பல, தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவில் இருப்பதில்லை. கறுப்புச் சாயம் பூசிய அலாய் சக்கரங்கள், தரையோடு தரையாகத் தாழ்த்திய உடல், பின்பக்கம் ஒரு இறக்கை, வாயகன்ற புகைபோக்கிக் குழாய். கேரளத்து இளைஞர்களுக்குக் கார் என்பது வெறும் வாகனமன்று. அதற்கு நகை பூட்டி அழகு பார்க்காமல் அவர்களால் இருக்க முடியாது.

சென்ற ஆண்டு அப்படியொரு இளைஞர் என் மேசைக்கு எதிரில் வந்து அமர்ந்தார். மட்டாஞ்சேரியில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். மீன்பிடித் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கணக்கு எழுதுகிறார். நம் கிளையில்தான் ஸ்விப்ட் கார் வாங்கக் கடன் பெற்றிருந்தார். தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. "சார், ஒரு எண்பதாயிரம் பெர்சனல் லோன் வேணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். சிறிது தயங்கிவிட்டு அலைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். 17 அங்குல அலாய் சக்கரங்கள், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், சத்தமிடும் சைலன்சர், அதிக வாட் விளக்குகள், கண்ணாடிக்குக் கறுப்புப் படலம்.

அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. கோவையில் பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாங்கிய முதல் கார் ஒரு பழைய மாருதி 800. அதன் விளக்கு மங்கலாக இருக்கிறது என்று 60/55 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்புகளை மாட்டினேன். கணக்குப் படித்தவனுக்கு இந்தக் கணக்கு ஏனோ தோன்றவில்லை. 55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் இழுப்பது சுமார் 9 ஆம்பியர். 90 வாட் பல்புகளோ 15 ஆம்பியர் இழுக்கும். அந்த மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்திலுள்ள சிறு சுவிட்சு வழியாகத்தான் ஓடியது. இடையில் ரிலே பொருத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாது, மாட்டிக்கொடுத்தவரும் சொல்லவில்லை. ஒரு மழை இரவில் வாளையாறு அருகே பிளாஸ்டிக் உருகும் நாற்றம் எழுந்தது. இரண்டு விளக்குகளும் ஒருசேர அணைந்தன. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் விழிப்போடு இருந்ததால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஆகவே, காரை மாற்றியமைக்கும் ஆசை தவறு என்று நான் வாதிடப் போவதில்லை. அந்த ஆசைக்குச் செலவிடும் பணம் எந்த வரிசையில் போகிறது என்பதே என் கேள்வி. பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரிவதில் தொடங்குகிறார்கள். சாலையைத் தொடும் பொருளில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தப் பொருள் டயர். ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். பிரேக்கும் வளைவும் வேகமும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடக்கின்றன. அந்த இளைஞரிடம் இருந்த ஸ்விப்டின் கீழ்நிலை ரகத்துக்கு நிறுவனம் 165/80 ஆர்14 அளவு டயரைத் தந்தது. அதே காரின் உயர்நிலை ரகத்துக்கு 185/65 ஆர்15. முதல் சக்கரத்தின் மொத்த விட்டம் 619.6 மி.மீ.; இரண்டாவது 621.5 மி.மீ. வேறுபாடு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வேகமானி பிழை காட்டாது, சக்கரம் எங்கும் உரசாது. ஆனால் தரையைப் பற்றும் அகலம் 20 மி.மீ. கூடுகிறது. மழைக்காலச் சாலையில் இதன் பயனை ஓட்டுபவர் கையிலேயே உணரலாம்.

அவர் விரும்பிய 17 அங்குலச் சக்கரத்துக்கு வருவோம். 205/45 அளவு டயர் போட்டால் மொத்த விட்டம் பெரிதாக மாறாதுதான். ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ. உயரத்திலிருந்து 92 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். குழியில் விழும்போது அடியைத் தாங்குவது அந்தப் பக்கச்சுவர்தான். அது குறைந்தால் அடி நேராக உலோகத்துக்குப் போகும். ஜூன் மாதத்துக் கொச்சிச் சாலையில் தண்ணீருக்கு அடியில் எத்தனை ஆழக் குழி இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? சக்கரம் நெளிந்து நிற்கும் வண்டிகளை நான் மழைக்காலந்தோறும் பார்க்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 3222 என்றிருந்தால் அது 2022-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் உருவானது. தள்ளுபடி விலையில் டயர் வாங்குவோர் விலைச் சீட்டுக்கு முன் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

காரைத் தாழ்த்துவது பற்றி. பந்தயச் சாலையில் புவியீர்ப்பு மையம் கீழிறங்கினால் வளைவில் வண்டி உறுதியாக நிற்கும், இது உண்மை. ஆனால் ஸ்விப்டின் தரை இடைவெளியே 163 மி.மீ.தான். அதில் 35 மி.மீ. குறைத்தால் நான்கு பேர் அமர்ந்து வேகத்தடை ஏறும்போது அடிப்பகுதி உரசும். மேற்குக் கொச்சியில் இன்னொரு சங்கடமும் உண்டு. செல்லானம், கும்பளங்கி, இடக்கொச்சி பகுதிகளில் வேலியேற்றக் காலத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் நாட்களில், உப்புத் தண்ணீர் தெருவுக்குள் வந்து நிற்கும். மழையே இல்லாத மார்கழிக் காலையில்கூட வண்டி உப்புநீரில்தான் கிளம்பும். அந்த நீர் பட்ட இரும்பு என்ன ஆகும் என்று துறைமுகத்தில் வேலை செய்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் ஒரு காருக்குச் செய்யக்கூடிய சிறந்த அலங்காரம் யார் கண்ணுக்கும் தெரியாத அடிப்பகுதித் துருத்தடுப்புப் பூச்சு. ஆனால் அதை யாரும் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவதில்லையே!

இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டுவது குறித்து நீண்ட பேச்சு தேவையில்லை. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் சுமார் 82 குதிரைத்திறன் தருகிறது. சைலன்சரை மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம் மட்டுமே. கணினி நிரலைத் திருத்துவது டர்போ இயந்திரங்களில் பலன் தரும். ஆனால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் அத்தோடு கேள்விக்குறியாகிவிடும். வேகத்தின் மீது மெய்யான காதல் உள்ளவர்களுக்கு அதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. எங்கள் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் 1980-களில் மாருதி 800-இன் இயந்திரத்தைக் கொண்டே 'பார்முலா மாருதி' என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். பின்னாளில் பார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன் அந்த வகைக் கார்களில் ஓட்டிப் பழகியவர். கரிவரதன் பெயரால் செட்டிபாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் ஒன்று இருக்கிறது. சிறிய இயந்திரத்திலிருந்து எவ்வளவு ஆற்றலைக் கறக்கலாம் என்பதை அறிய விரும்புபவர் பள்ளிக்கூட வாசலில் அதைச் சோதிக்க வேண்டியதில்லை.

இனிச் சட்டம். இந்தத் துறையின் முதன்மையான வழக்கு கேரளத்தில்தான் எழுந்தது. கேரள உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, 2019 ஜனவரி 9 அன்று உச்சநீதிமன்றம் தெளிவாகக் கூறியது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. அதே ஆண்டில் வந்த சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்து பொருள்கள் என்றால் ஐந்து முறை. காரின் வண்ணமும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரமே. அதை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஒப்புதல் பெற்ற சி.என்.ஜி. சாதனத்தைப் பொருத்தி எரிபொருளை மாற்றுவதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

2024-இல் ஆலப்புழையில் ஒருவர் காருக்குள்ளேயே நீச்சல்குளம் அமைத்துச் சாலையில் ஓட்டிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய கூத்துகளுக்குப் பிறகு அதிகாரிகளின் கை இறுகியதில் வியப்பில்லை. ஆனால் என் மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். நீச்சல்குளம் கட்டியவரையும், உயர்நிலை ரகத்தின் சக்கரத்தைக் கீழ்நிலை ரகத்தில் மாட்டியவரையும் சோதனைச் சாவடியில் ஒரே சந்தேகப் பார்வை பார்ப்பது முறையன்று. ஜெர்மனியில் ஒரு சக்கரமோ ஸ்பிரிங்கோ விற்பனைக்கு வரும்போதே, எந்தெந்த மாடலுக்கு அது ஏற்றது என்னும் அங்கீகாரச் சான்றோடு வருகிறது. தேவைப்படும் இடத்தில் ஆய்வாளர் பார்த்து ஆவணத்தில் பதிவு செய்கிறார். அப்படியொரு பட்டியல் இங்கும் வந்தால் நேர்மையான உரிமையாளர் அச்சமின்றி ஓட்டுவார். பணிமனைகளுக்கும் பொறுப்பு வரும்.

சட்டம் அசையாத பாறையல்ல என்பதற்குக் கண்ணாடிப் படலமே சான்று. 2012-இல் உச்சநீதிமன்றம் படலம் ஒட்டுவதை முற்றாகத் தடுத்தது. 2021 ஏப்ரல் முதல் விதி திருத்தப்பட்டது. அதன் அடிப்படையில் 2024 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், முன்பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவுமானால் தரமுடைய படலம் குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. இந்த வெயிலில் அது பெரிய ஆறுதல். கறுப்புப் படலம் வேறு, இது வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். கடனில் வாங்கிய காரின் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயரும் அடமானதாரராக இருக்கிறது. கடன் தீரும்வரை அந்த வாகனம் வங்கிக்கும் பிணை. வங்கியின் ஒப்புதலின்றி வாகனத்தின் தன்மையை மாற்ற மாட்டேன் என்பது வாகனக் கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் உறுதிமொழி. நாம் படிக்காமல் கையெழுத்திடும் பக்கங்களில் அதுவும் ஒன்று. காப்பீடும் அவ்வாறே. காரின் காப்பீட்டு மதிப்பு உற்பத்தியாளரின் பட்டியல் விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. வெளியே வாங்கி மாட்டிய சக்கரமும் ஒலிபெருக்கியும் அதில் அடங்கா. அவற்றின் மதிப்பைத் தனியே தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்தி, பாலிசியில் எழுத்தில் சேர்த்தால்தான் இழப்பீடு உண்டு. தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குக் காரணமென்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் முழுக் கோரிக்கையும் சிக்கலாகும். அப்போது கார் இல்லாவிட்டாலும் தவணை இருக்கும்.

அந்த எண்பதாயிரத்துக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். எடுத்துக்காட்டாக 12 சதவீத வட்டியில் 36 மாதம் என்றால் மாதம் 2,657 ரூபாய். மொத்தம் திருப்பிச் செலுத்துவது சுமார் 95,650. மூன்று ஆண்டு கழித்து விற்கும்போது பழைய கார் வாங்குபவர் இந்த நகைகளுக்கு விலை போட மாட்டார். பல நேரங்களில் அவற்றைக் காட்டியே விலையைக் குறைப்பார். தங்க நகையாவது அவசரத்துக்கு அடகு வைக்க உதவும். கடன் விற்பது என் வேலை என்பதால் இதைச் சொல்லக்கூடாது என்று சக அலுவலர் ஒருவர் கேலி செய்தார். வாடிக்கையாளர் சேமித்த பணத்தில் செய்ய வேண்டிய செலவு இது என்பதே இன்றும் என் கருத்து.

"தம்பி, கழற்றித் திரும்ப மாட்ட முடியாத எதையும் செய்யாதீர்கள். பழைய பாகங்களை வீட்டில் பத்திரமாக வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். முகம் சுருங்கித்தான் போனார்.

ஏழு மாதங்களுக்குப் பிறகு, ஓணம் போனஸ் வந்த வாரத்தில், கிளை வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து என்னை அழைத்தார். உயர்நிலை ரகத்தின் 15 அங்குலச் சக்கரங்கள், புதிய டயர்கள், புதிய பிரேக் பேடுகள், அடியில் துருத்தடுப்புப் பூச்சு, அளவுக்குட்பட்ட கண்ணாடிப் படலம். காப்பீட்டில் சக்கரங்களைச் சேர்த்த சீட்டை முதலில் நீட்டினார். பின்பக்கம் ஒரு சிறிய கறுப்பு இறக்கை மட்டும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். "சார், அது ரெண்டு திருகுதான், கழற்றிடலாம்" என்றார். உண்மையைச் சொன்னால், அது அந்தக் காருக்கு நன்றாகவே இருந்தது.